நீல டாங் மீனில் வெண்புள்ளி மறைந்து மீண்டும் வந்துவிட்டது: கடல்நீர்த் தொட்டியில் எந்த மருந்தைப் பயன்படுத்தலாம்?

கேள்வி: கரையோரன் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களாக வீட்டில் 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன்கள், இரண்டு டாம்செல் மீன்கள், ஒரு கிளீனர் இறால், நான்கு துறவி நண்டுகள் ஆகியவை அதில் இருந்தன. பவளங்கள் இல்லை. அடியில் மணலும் நடுவில் காய்ந்த பாறைகளும் வைத்திருக்கிறேன். தண்ணீரைக் கோவளம் கடற்கரையிலிருந்து கேன்களில் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி, மறுநாளே மாற்றிவிடுவது வழக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன், நெடுநாள் ஆசைப்பட்டு ஒரு நீல டாங் மீனை வாங்கினேன். பையோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டுவிட்டு நேராகத் தொட்டியில் விட்டேன். ஒன்பதாம் நாள் அதன் துடுப்புகளில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அவ்வப்போது பாறையில் உடலை உரசிக்கொண்டது. கடையில் கேட்டபோது, நன்னீர் மீன்களுக்குக் கொடுக்கும் மலகைட் பச்சை கலந்த வெண்புள்ளி மருந்தைப் பாதி அளவில் ஊற்றி, ஹீட்டரை வைத்து வெப்பத்தை 31 டிகிரிக்கு உயர்த்தச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். மூன்றே நாட்களில் புள்ளிகள் முழுவதும் மறைந்ததால், நோய் குணமாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் காலையில் விளக்கைப் போட்டபோது டாங்கின் உடல் முழுவதும் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள் இருந்தன; கோமாளி மீன்களிலும் சில தெரிந்தன. நேற்று ஒரு டாம்செல் இறந்துவிட்டது.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் 20, உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் இப்போது 30 டிகிரி. டாங் இன்னும் உண்கிறது, ஆனால் மூச்சு வேகமாக இருக்கிறது. அதே மருந்தை முழு அளவில் கொடுக்கலாமா? இறாலுக்குக் கேடு வராத மருந்து ஏதேனும் இருக்கிறதா?


பதில் 1: பாறைமீன் (தூத்துக்குடி)

அந்த மருந்தை இனி ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். வடிகட்டியில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, இருப்பதையும் எடுத்துவிடுங்கள். ஹீட்டரை நிறுத்துங்கள், நீர்மட்டத்தில் அலை எழும்படி பம்ப்பைத் திருப்பி வையுங்கள். வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால், செவுள் புண்ணாகியிருக்கும் மீனுக்கு 31 டிகிரி என்பது மருந்தன்று, கூடுதல் சுமை.

நன்னீர் வெண்புள்ளியும் கடல்நீர் வெண்புள்ளியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஒட்டுண்ணிகள். நன்னீரில் வருவது இக்தியோப்தீரியஸ். கடல்நீரில் வருவது கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ். நன்னீர் நோய்க்கு வெப்பத்தை உயர்த்தியும் உப்புப் போட்டும் பலன் காண்பவர்கள் உண்டு. கடல்நீர் ஒட்டுண்ணிக்கோ நம் ஊரின் 27, 28 டிகிரி என்பது மாமியார் வீட்டு விருந்து போன்றது. 31 டிகிரியில் அது சாவதில்லை.

புள்ளிகள் ஏன் மறைந்தன என்பதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிதாகும். நீங்கள் காணும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் தோலுக்கு அடியில் புகுந்து அதைத் தின்று வளரும் ஓர் உயிர். மூன்று முதல் ஏழு நாட்கள் தின்றபின் அது தானாகவே மீனைவிட்டு விழுந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. உறைக்குள் பலவாகப் பிரிந்து, சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை கழித்து, நூற்றுக்கணக்கான நுண்ணுயிர்களாக வெளிப்பட்டு மீனைத் தேடி நீந்துகிறது. இந்த வெளிப்பாடு பெரும்பாலும் விடியலுக்கு முந்திய இருட்டில், மீன்கள் பாறையிடுக்கில் அசையாமல் கிடக்கும் நேரத்தில் நடக்கிறது. ஆகவே உங்கள் மருந்து புள்ளிகளை நீக்கவில்லை. அவை வயிறு நிறைந்து இறங்கிப்போயின, பிறகு பெருகித் திரும்பி வந்தன. நோய் இப்போது மீனில் இருப்பதைவிடத் தொட்டியில் அதிகமாக இருக்கிறது.

இனி மருந்து பற்றி. மீனின் தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் எந்த மருந்தும் எளிதில் தொடுவதில்லை; நீந்தும் பருவம் ஒன்றுதான் மருந்துக்கு அகப்படும். அந்தப் பருவத்தைக் கொல்லும் அளவுக்கு வலுவான மருந்து இறாலையும் நண்டையும் கொல்லாமல் விடாது. "இறாலுக்குக் கேடில்லாத மருந்து" என்று எழுதி விற்கப்படுபவை பல இருந்தாலும், இந்த நோயைத் தீர்த்ததாக நான் நம்பக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே மீன்கள் எல்லாவற்றையும், நோய் தெரியாதவற்றையும் சேர்த்து, வேறொரு தொட்டிக்கு மாற்றி அங்கே செம்பு மருந்து கொடுங்கள். இறாலும் நண்டுகளும் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும். மீனே இல்லாமல் 76 நாட்கள் அத்தொட்டி கிடந்தால், உறையிலிருந்து வெளிவருபவை உணவின்றி ஒன்றிரண்டு நாட்களில் மடிந்து, தொட்டி தானாகத் தூய்மையாகும். உறையொன்று பொரிக்க எடுத்துக்கொண்டதாகப் பதிவான மிக நீண்ட காலம் 72 நாட்கள் என்பதை வைத்துச் சொல்லப்படும் கணக்கு இது. வெப்பம் 27 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆறு வாரமே போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.


பதில் 2: அலைவாசி (கோயம்புத்தூர்)

மேலே எழுதியவர் அனுபவசாலி என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நோயுற்ற மீனைப் பிடிப்பதற்காகப் பாறைகளையெல்லாம் கலைத்து, பழக்கமில்லாத வெற்றுத் தொட்டியில் போட்டு, நஞ்சு என்றே சொல்லத்தக்க செம்பை ஊற்றுவது நோயைவிடக் கொடியதாகத் தோன்றுகிறது. என்னுடைய மஞ்சள் டாங் மீனுக்கும் இதே நோய் வந்தது. பூண்டுச் சாற்றில் ஊறவைத்த உணவைத் தினமும் மூன்று வேளை கொடுத்தேன், ஒரு புற ஊதா விளக்கை வடிகட்டியோடு இணைத்தேன், கிளீனர் இறால்கள் இரண்டைச் சேர்த்தேன். ஒரு மாதத்தில் புள்ளிகள் நின்றுவிட்டன. இரண்டு ஆண்டுகளாகியும் அந்த மீன் நலமாக இருக்கிறது. மன அழுத்தமில்லாத மீன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பதுதான் என் கட்சி. கரையோரன் அவர்கள் முதலில் இதை முயன்று பார்க்கலாமே.


பதில் 3: கடற்குதிரை (சிங்கப்பூர்)

அலைவாசி அவர்கள் கண்டது பொய்யன்று. நோயிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புத்திறன் வருவது ஆய்வுகளில் உறுதியானதே. ஆனால் பிழைத்த மீனின் செவுளில் கண்ணுக்குத் தெரியாமல் சில ஒட்டுண்ணிகள் தங்கி, சுழற்சி தொடர்வதும் உண்மை. அடுத்து ஒரு புதிய மீனை வாங்கி விடும் நாளிலோ, கோடையில் அரை நாள் மின்சாரம் நின்றுபோகும் நாளிலோ அது வெளிப்படும். பூண்டு சில மீன்களுக்குப் பசியைத் தூண்டலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். புற ஊதா விளக்கு தன் குழாய்க்குள் வரும் உயிர்களை மட்டுமே கொல்லும். விடியற்காலையில் மணலிலிருந்து எழுந்து அரையடி தொலைவில் உறங்கும் மீனில் ஏறுவது விளக்கின் பக்கமே போவதில்லை. கிளீனர் இறால் தோலின் மேலுள்ளதைப் பொறுக்கும், தோலுக்கு அடியில் இருப்பதைத் தோண்டாது. ஏழெட்டுப் புள்ளிகளோடு நன்றாக உண்ணும் மீன் என்றால் உங்கள் வழியில் காத்திருப்பதை நான் கண்டிக்க மாட்டேன். இங்கே ஒரு மீன் இறந்துவிட்டது, மற்றொன்று மூச்சு வாங்குகிறது; காத்திருக்க நேரமில்லை.

ஆனால் பாறைமீன் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: இது வெண்புள்ளிதானா? கரையோரன், ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மீனைப் பாருங்கள். ரவையைத் தூவியதுபோல், எண்ணிவிடக்கூடிய தனித்தனிப் பருக்கைகளாக இருந்தால் அது வெண்புள்ளி. மாவைச் சலித்ததுபோல், மங்கலான பொன்னிறத்தில் தோலின்மேல் படர்ந்திருந்தால் அது வெல்வெட் நோய். அமைலூடினியம் என்ற வேறோர் உயிரி. வெல்வெட் கண்ட மீன் வெளிச்சத்தை வெறுக்கும், பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும், உணவை நிறுத்தும். பல வேளைகளில் தோலில் எதுவும் தெரியும் முன்பே செவுள் பாழாகி இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். கோமாளி மீன்களின் உடலிலிருந்து வெள்ளைச் சளி படலம் படலமாக உரிந்தால் அது புரூக்ளினெல்லா. அதற்குச் செம்பு பயன்படாது. ஃபார்மலின் குளியல்தான் வழி. புழு வகை ஒட்டுண்ணியோ கடல்நீரில் கண்ணுக்கே தெரியாது. ஐந்து நிமிடம் நன்னீரில் முக்கினால் வெளுத்து, எள் விதைபோல் அடியில் உதிரும். அதற்கு பிராசிகுவான்டெல் என்ற மருந்து. நான்கு நோய்க்கும் ஒரே மருந்து இல்லாதிருக்க, "வெள்ளையாக ஏதோ இருக்கிறது" என்று கடையில் சொல்லி மருந்து வாங்குவதில்தான் பெரும்பாலான மீன்கள் சாகின்றன.


கரையோரன்

மூவருக்கும் மிக்க நன்றி. கடற்குதிரை அவர்களே, டார்ச் அடித்துப் பார்த்தேன்; ரவைதான், மாவன்று. எனினும் டாங் இன்று காலை பம்ப்புக்கு எதிரே சற்று நேரம் நின்றதால் ஐயமாகவே இருக்கிறது. வீட்டில் 80 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. செம்பு கொடுப்பதா, உப்பைக் குறைப்பதா என்று முடிவு செய்ய இயலவில்லை. உப்பைக் குறைப்பது மென்மையான வழி என்று படித்தேன்.


பதில் 4: கடற்குதிரை

உப்பைக் குறைப்பது மருந்தில்லாத வழிதான், ஆனால் மென்மையான வழி என்று சொல்ல மாட்டேன். ஒப்படர்த்தியை இரண்டு நாட்களில் படிப்படியாக 1.009க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்தபின் நான்கு வாரங்கள் அங்கேயே நிறுத்த வேண்டும். 1.011க்கு ஏறினாலே ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ள இடமுண்டு. சென்னை வெயிலில் 80 லிட்டர் தொட்டியில் ஒரு நாள் ஆவியாவதை ஈடுசெய்ய மறந்தால் அளவு தப்பிவிடும். உப்போடு காரத்தன்மையும் நீர்த்துப்போவதால் பிஎச் சரிந்துகொண்டே இருக்கும். அன்றாடம் சமையல் சோடாவால் தாங்கிப் பிடிக்க வேண்டும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்காமல் இதில் இறங்கவே கூடாது. மலிவானவற்றுள் பல கடல்நீருக்கன்றிச் சமையலுப்புக் கரைசலுக்காக அளவிடப்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெல்வெட் உயிரி மிகக் குறைந்த உப்பிலும் வாழும். உங்கள் டாங் பம்ப்புக்கு எதிரே நிற்கிறது என்றவுடனே நான் செம்பின் பக்கம் சாய்ந்துவிட்டேன். வெண்புள்ளி, வெல்வெட் இரண்டையும் அடக்குவது அதுதான்.

செம்பு மருந்து இரு வகைப்படும்; இந்த இடத்தில் தவறினால் மீன் போய்விடும். சாதாரண அயனிச் செம்பு என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், செலேட் செய்யப்பட்ட, அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைத்த, செம்பு என்றால் 2.0 முதல் 2.5 மில்லிகிராம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் பத்து மடங்குப் பிழை. முதன்முறை கையாளும் நீங்கள் செலேட் வகையையே வாங்குங்கள். அளவு சற்று ஏறி இறங்கினாலும் மீன் தாங்கும். புட்டியில் எழுதியிருப்பதை நம்பி ஊற்றாமல், ஹானா செம்பு மானி போன்ற ஒன்றால் நாள்தோறும் அளந்து ஊற்றுங்கள். அளக்க வழியில்லை என்றால் செம்பைத் தொடவே வேண்டாம். குறைந்த அளவு நோயைக் கொல்லாது, மிகுந்த அளவு மீனைக் கொல்லும். இடைவெளி அவ்வளவு குறுகியது.

தொட்டியில் மணலும் பாறையும் கூடாது; சுண்ணாம்புப் பொருள்கள் செம்பை உறிஞ்சிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் ஸ்டோன், ஒரு மூடி ஆகியவை வேண்டும்; டாங் துள்ளும். முதல் நாளே முழு அளவுக்கு ஏற்றாமல் நான்கைந்து நாட்களில் படிப்படியாக 2.0க்குக் கொண்டுபோய், அங்கிருந்து 30 நாட்கள் இறங்கவிடாமல் வைத்திருங்கள். இடையில் ஒரு நாள் அளவு இறங்கிவிட்டாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மோனியாதான் உங்களுடைய உண்மையான எதிரி. வெற்றுத் தொட்டியில் நுண்ணுயிர்ப் படலம் இருக்காது. உங்கள் பெரிய தொட்டியின் வடிகட்டியிலுள்ள பஞ்சில் ஒரு துண்டை எடுத்து இதில் வையுங்கள். மீன்கள் ஏற்கெனவே நோயுற்றவை, செம்பும் இருக்கிறது, ஆகவே பஞ்சோடு ஒட்டுண்ணி வருவதைப் பற்றிக் கவலையில்லை. மாற்றும் நீரில் முன்கூட்டியே அதே அளவு செம்பைக் கலந்துவிடுங்கள். மிக முக்கியமாக, அம்மோனியாவை முறிப்பதாக விற்கப்படும் திரவங்களைச் செம்போடு சேர்க்காதீர்கள். அவற்றுள் சில செலேட் பிணைப்பைக் குலைத்துச் செம்பைக் கடும் நஞ்சாக்கும். அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுவது ஒன்றே வழி.


பதில் 5: பாறைமீன்

கடற்குதிரை அம்மா விரிவாக எழுதிவிட்டார். இரண்டு மூன்று மட்டும் சேர்க்கிறேன்.

தம்பி, உங்களிடம் இரண்டு சிறு தொட்டிகளும் பொறுமையும் இருந்திருந்தால் மருந்தே இல்லாத தொட்டி மாற்று முறையைச் சொல்லியிருப்பேன். மீனை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்த புதுத் தொட்டிக்கு நான்கு தடவை மாற்றினால், விழுந்த உறைகள் பொரிப்பதற்குள் மீன் அங்கிருந்து போய்விடும். அது வெண்புள்ளிக்கு மிக நல்ல முறை. ஆனால் வெல்வெட்டுக்கு உதவாது என்பதால் உங்கள் நிலையில் அம்மா சொன்னதே சரி.

இரண்டாவது, கோவளத்துத் தண்ணீர். இயற்கைக் கடல்நீரைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் துணியில் வடிகட்டி மறுநாளே ஊற்றுவது கடலிலுள்ளதையெல்லாம் வீட்டுக்கு அழைப்பதாகும். கரைக்கு அருகே அள்ளாமல், மழை பெய்த வாரத்தில் அள்ளாமல், மூடிய தொட்டியில் இருட்டில் சில வாரங்கள் வைத்துத் தெளிந்தபின் பயன்படுத்துங்கள். மருந்துத் தொட்டிக்கு ஆர்ஓ நீரில் செயற்கை உப்பைக் கலந்துகொள்வது நல்லது.

மூன்றாவது சற்றுக் கசப்பானது. 250 லிட்டர் தொட்டியில் நீல டாங் வைப்பதை மறுபடி யோசியுங்கள். அது ஏறத்தாழ ஓரடி வரை வளரும், நாள் முழுவதும் நீந்தும் மீன். இடநெருக்கடி அதைத் தளர்த்தும், தளர்ந்த டாங்கில்தான் இந்நோய் முதலில் தெரியும். கூண்டில் இனப்பெருக்கம் செய்வதில் 2016இல்தான் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் முதல் வெற்றி கண்டனர் என்பதால், கடைக்கு வரும் நீல டாங்குகள் பெரும்பாலும் கடலில் பிடித்து, பல கைகள் மாறி, ஒவ்வோர் இடத்திலும் பிற மீன்களோடு நீரைப் பகிர்ந்து வருபவை. கோமாளி மீன்கள் அப்படியல்ல. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அவற்றைக் குஞ்சு பொரிக்கச்செய்து வளர்க்கும் நுட்பம் எப்போதோ கைவந்துவிட்டது. பவளம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. கற்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அழகாக இருக்கிறதே என்று யார் கொடுத்தாலும் வாங்கிவிடாதீர்கள்.


கரையோரன் (ஐந்து வாரங்களுக்குப் பின்)

நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். அன்றிரவே பாறைகளை எடுத்துவிட்டு நான்கு மீன்களையும் பிடித்தேன். டாங்கைப் பிடிக்க மட்டும் ஒன்றரை மணி நேரமாயிற்று. விளக்கை அணைத்துவிட்டு, அது படுக்கும் இடுக்கை அடையாளம் வைத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் பிடித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பது பிறகுதான் தோன்றியது. தொட்டியில் நீர் 65 லிட்டர்தான் நிற்கிறது என்பதைக் குடத்தால் அளந்து உறுதி செய்துகொண்டேன். 80 என்று கணக்கிட்டிருந்தால் முதல் ஊற்றிலேயே தவறியிருப்பேன்.

ஐந்தாம் நாள் செம்பு 2.0ஐத் தொட்டது. ஏழாம் நாள் அம்மோனியா 0.5 காட்டியது, மீதியான உணவை எடுக்காமல் விட்டது என் பிழை. நான்கு நாட்கள் தொடர்ந்து பாதி நீரை, செம்பு கலந்த நீராகவே, மாற்றிய பிறகு அடங்கியது. பசி குறைந்த டாங் ஆறு நாட்கள் நோரிப் பாசித்தாளைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பத்தாம் நாளுக்குப் பின் புள்ளிகள் இல்லை. இம்முறை அதை வைத்து மகிழவில்லை, முப்பது நாளையும் முடித்தேன். எஞ்சிய டாம்செல் மூன்றாம் நாளே இறந்துவிட்டது. கோமாளி மீன்களும் டாங்கும் நலமாக இருக்கின்றன.

ஒரே ஒரு கேள்வி: 30 நாட்கள் முடிந்துவிட்டன, ஆனால் பெரிய தொட்டிக்கு இன்னும் நாற்பது நாட்களுக்கு மேல் இருக்கின்றன. அதுவரை செம்பிலேயே வைத்திருக்க வேண்டுமா?


கடற்குதிரை

வேண்டாம். கார்பனும் நீர்மாற்றமும் கொண்டு செம்பை எடுத்துவிடுங்கள். மீன்கள் அங்கேயே இருக்கட்டும். இந்த நாட்களில்தான் மறைந்திருக்கும் நோய் எதுவும் திரும்பி வருகிறதா என்பது தெரியும்; புழு வகை ஒட்டுண்ணிக்குப் பிராசிகுவான்டெல் கொடுக்கவும் இதுவே ஏற்ற காலம். வலை, வாளி, குழாய் எதையும் இரு தொட்டிகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள். நனைந்த கையும் கணக்கில் சேரும். செம்பு பட்ட ஸ்பாஞ்சையும் பிவிசி குழாய்களையும் பெரிய தொட்டிக்குள் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள், அங்கே இறால் இருக்கிறது. அந்த இறாலுக்கும் நண்டுகளுக்கும் வாரம் இருமுறை சிறிது உணவு போட மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.


கரையோரன்

மறக்கவில்லை. இறால் நேற்றுத்தான் தோலுரித்தது.